கொர்னேலிஸ் பாக்கரின் நானூற்றுப் பதினேழு பிள்ளைகள்

ஒஸ்வால்ட் கொள்ளுப்பிட்டியில் ஒரு மருந்துக் கடையில் பதினொரு வருடங்களாகப் போத்தல்களுக்கு லேபல் எழுதிக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் 'காலை, மாலை, சாப்பாட்டுக்குப் பின்' என்று அவன் எழுதினால் அச்சடிக்கிறவன் வெட்கப்பட வேண்டும். எழுதி முடித்ததும் ஒரு தடவை முன்னிருந்து வாசிப்பான். இன்னொரு தடவை பின்னிருந்து வாசிப்பான். பின்னிருந்து வாசித்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியுமாம். முதலாளி இதைப் பார்த்துவிட்டு, "நோயாளி செத்தாலும் ஒஸ்வால்டின்ர லேபல் பிழைக்காது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். ஒஸ்வால்ட் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டான். அது புகழ்ச்சிதான்.

1936ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஈவ்லின் என்ற பெண் தன் தகப்பனாரின் வயிற்று மருந்துக்கு வந்தாள். போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில ஒரு குற்று விடுபட்டிருக்கு" என்றாள். ஒஸ்வால்ட் பேனையை வைத்துவிட்டான். போத்தலைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். குற்று, எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி, இருந்தது. அவளுடைய பெருவிரல் அதை மறைத்திருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு அவளுடைய தகப்பனாரின் வயிறு மாதத்தில் நாலு தரம் கெட்டது.

தகப்பனாரின் பெயர் ஜெரமையா. றெயில்வேயில் கணக்குப் பரிசோதகராக இருந்து பென்ஷன் எடுத்தவர். ஓகஸ்ட் மாதம் ஒஸ்வால்டின் அக்கா சுகிர்தம் கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டிவிட்டு, வெள்ளவத்தைக்கு றெயில் கோச்சியேறிப் போய் அவரிடம் பெண் கேட்டாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவள்தான் பெரியவள்.

ஜெரமையா சம்பளத்தைக் கேட்கவில்லை. சாடையாகக்கூடச் சீதனம் பற்றிப் பேசவில்லை.

"பிள்ளை, நாங்கள் ஒல்லாந்தர் காலத்திலேயே தோணியேறி வந்த புரட்டஸ்தாந்துக் குடும்பம். எங்கட மூதாதை ஒரு உபதேசியார். நீங்கள் எப்ப வேதத்துக்கு வந்தனீங்கள்? நேற்றோ, முந்தநாளோ?"

"எங்கட ஆக்களும் அந்தத் தோணியிலதான் வந்தவை" என்றாள் சுகிர்தம், தோணியைக் கண்டவள்போல.

"அப்ப எழுத்தில காட்டுங்கோ. தம்பிக்கு நல்ல கையெழுத்தெண்டு கேள்வி. ரெண்டு குடும்பத்தையும் ஒரே தாளில கீறிக்கொண்டு வரட்டும். பிறகு கதைப்பம்."

ஒஸ்வால்டுக்கு இது தண்டனையாகத் தெரியவில்லை. சனிக்கிழமை கடை அரை நாள். மேட்டில் நின்ற பழைய ஒல்லாந்தர் கோயிலுக்குப் போய், ஞானஸ்நானப் பதிவு முதலிய புத்தகங்களுக்குப் பொறுப்பாயிருந்த டி வால் என்ற பறங்கிக் கிழவரிடம் அனுமதி கேட்டான். டி வாலுக்குக் காது மந்தம். கைகள் சுத்தமா என்று மட்டும் பார்த்துவிட்டு அலுமாரியைத் திறந்துவிட்டார்.

இங்கிலிஷ்காரன் காலத்துப் புத்தகங்கள் அச்சடித்த கோடு போட்டவை. தகப்பன், தாய், பிள்ளை, எல்லாம் தனித்தனிக் கூட்டில். மூன்று சனிக்கிழமையில் இரண்டு குடும்பத்தையும் ஐந்து தலைமுறை பின்னுக்குக் கொண்டுபோனான். அதற்கு அங்காலே ஒல்லாந்தர் புத்தகம். கோடும் இல்லை, கூடும் இல்லை. டச்சுப் பாஷை அவனுக்குத் தெரியாது. பெயர்களை மட்டும் எழுத்துக்கூட்டலாம்.

1748ஆம் ஆண்டுப் பக்கத்தில் தன் குடும்பத்தின் முதல் ஆளைக் கண்டுபிடித்தான். தானியேல். அதற்குப் பக்கத்தில் சங்கரன். பிறகு ஒரு பெண் பெயர். கடைசியில் கொட்டையெழுத்தில் கொர்னேலிஸ் பாக்கர்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொட்டாஞ்சேனையில் எந்தக் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் கோயிலில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஒஸ்வால்டே வீட்டில் சின்னத்துரைதான். ஆகவே தானியேல் கோயில் பெயர், சங்கரன் வீட்டுப் பெயர். அடுத்தது தாய். மிச்சமிருக்கிற ஒரே ஆம்பிளை தகப்பன்.

தகப்பன் ஒல்லாந்தன்!

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுகிர்தம் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடி பார்க்கப் போனாள். "எனக்கு அப்பவே இந்த மூக்கில ஒரு சந்தேகம்" என்றாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு கிழமைதான் நின்றது. அடுத்த சனிக்கிழமை ஈவ்லின் வீட்டின் முதல் ஆளையும் கண்டுபிடித்தான். ஆபிரகாம். வீட்டுப் பெயர் முத்தன். ஒரு பெண். கடைசியில் கொட்டையெழுத்தில் கொர்னேலிஸ் பாக்கர்.

ஒஸ்வால்ட் முன்னிருந்து வாசித்தான். பின்னிருந்து வாசித்தான். பிறகு மர வாங்கில் குந்திவிட்டான். தானியேலும் ஆபிரகாமும் ஒரு தகப்பன் பிள்ளைகள். இரண்டு பக்கமும் ஆண் வழி. ஈவ்லின் அவனுக்குத் தங்கச்சி முறை.

"கிழிச்சு எறி" என்றாள் சுகிர்தம். "தாய்மார் வேற வேறதானே? இருநூறு வருசம் போச்சுது. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். போத்தலில நஞ்சு எண்டால் நஞ்செண்டுதான் எழுத வேணும்."

"நீ எழுதாட்டில் ஆரும் சாகப்போறதில்லை, மடையா!"

அவன் கேட்கவில்லை. கடுதாசியில் இரண்டு குடும்பத்தையும் ஊதா மையில் கீறி, இரண்டு கோட்டையும் உச்சியில் கொர்னேலிஸ் பாக்கரில் சேர்த்து, அடுத்த ஞாயிறு வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனான்.

ஜெரமையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழேயிருந்து மேலே வாசித்தார். உச்சிக்கு வந்ததும் எழும்பி நின்றார். முகம் நெருப்பாகச் சிவந்தது. ஒஸ்வால்ட் அடி விழும் என்று நினைத்தான்.

"ஒல்லாந்தன்!" என்றார் ஜெரமையா. "எனக்குத் தெரியும். வெயிலுக்குப் போனால் எனக்குத் தோல் சிவக்கிறது. ஏனெண்டு இப்பதானே விளங்குது! உபதேசியார் எண்டு சொல்லிச் சொல்லி எங்கட தரத்தைக் குறைச்சுப் போட்டுது எங்கட சனம்."

"ஐயா, ஆனால் கலியாணம்..."

"என்ன கதை கதைக்கிறீர்? அண்ணனும் தங்கச்சியும் கட்டிறதோ? கர்த்தரே!" என்று அவனைக் கட்டிப்பிடித்தார். "தம்பி, எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லையெண்ட குறை இண்டையோட தீர்ந்துது. ஈவ்லின்! அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டு வா!"

ஈவ்லின் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். "குடியுங்கோ, அண்ணா" என்றாள். "சீனி காணுமோ, அண்ணா? அண்ணாவுக்கு எல்லாம் கணக்காக இருக்க வேணுமே."

அந்தத் தேத்தண்ணியில் சீனி ஒரு மணியும் இல்லை. ஒஸ்வால்ட் முழுவதையும் குடித்தான்.

அன்றிலிருந்து ஜெரமையா கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்து இடியப்பம் சாப்பிடத் தொடங்கினார். ஒஸ்வால்டுக்கு இரண்டு கட்டளை கொடுத்தார். ஒன்று, பாக்கர் பெற்ற பிள்ளைகள் எல்லாரையும் எழுதித் தர வேண்டும். சொந்தக்காரர் யாரென்று தெரிந்து வைத்திருக்க வேண்டுமாம். இரண்டாவது, வத்தளையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் நவம்பர் 14ஆம் திகதி சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். தமையன் என்ற முறையில் ஒஸ்வால்ட் முன்னுக்கு நின்று மாப்பிள்ளையை விசாரிக்க வேண்டும்.

ஒஸ்வால்ட் இரவில் சாப்பிடாமல் விட்டான். கடையில், பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு இருமல் மருந்தில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று எழுதிவிட்டு, நல்ல காலம், பின்னிருந்து வாசிக்கும்போது பிடித்துக்கொண்டான். ஆனாலும் சொன்ன சொல்லுக்காகச் சனிக்கிழமைகளில் போய் பாக்கரின் பிள்ளைகளை ஒன்று விடாமல் கொப்பியில் எழுதினான். நவம்பர் 7ஆம் திகதி முடிந்தது. மொத்தம் நானூற்றுப் பதினேழு.

அன்று பின்னேரம் சுகிர்தம் அந்தக் கொப்பியை எடுத்து, ஐந்தாம் வகுப்புப் படித்தவள் வாசிக்கிற மாதிரி விரல் வைத்து வாசித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"தம்பி, 1748 ஓகஸ்ட் நாலாம் திகதி இவனுக்கு எத்தனை பிள்ளை?"

"பதினொண்டு."

"ஒரு நாளிலயோ?"

"ஒரே ஞாயிற்றுக்கிழமை. பதினொரு தாய்மார். தப்பான மனுசன்தான், அக்கா. எழுதவே கை கூசிச்சுது."

"அடுத்த ஞாயிறு?"

"ஒம்பது."

"டேய்," என்றாள் சுகிர்தம், "சேவல்கூட இடைக்கிடை கூவ வேண்டாமோ? வெளிக்கிடு. அந்தக் கிழவனிட்டப் போவம்."

டி வால் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். சுகிர்தம் கொப்பியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "இந்தக் கொர்னேலிஸ் பாக்கர் ஆர்?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"பாக்கரா? மணியடிச்ச ஆள்."

"மணி சரி. இவ்வளவு பிள்ளை எப்பிடி?"

டி வால் அவளைப் பார்த்தார், ஒஸ்வால்டைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்து, இருமி, படியில் குந்தியே விட்டார். "அய்யோ மல்லி, தம்பி! அது தகப்பன் இல்ல. ஞானஸ்நானத்துக்குச் சாட்சி. அக்கரையில இருந்து வந்த ஏழை ஆட்களுக்கு இங்க ஆரத் தெரியும்? சாட்சிக்கு ஆள் இல்ல. மணியடிக்கிற மனுசன் எப்பவும் நிக்கிறான். அவனையே நிப்பாட்டிருக்கான். பாவம், கலியாணமும் கட்டல்ல. செத்த ஆட்களோட புத்தகத்தில இருக்கு."

"அப்ப தகப்பன்?" ஒஸ்வால்டும் கத்தினான்.

"ரெண்டாவது பேர்."

திரும்பவும் கதவு திறந்தது. டி வால் பூதக்கண்ணாடியோடு அந்த இரண்டு வரிகளையும் மொழிபெயர்த்தார். சங்கரன், நாகபட்டினத்திலிருந்து வந்தவர், கப்பலுக்குப் பாய் தைப்பவர். முத்தன், தூத்துக்குடியிலிருந்து வந்தவர், கொம்பனியின் யானைகளுக்குப் புல் வெட்டுபவர். ஒருவருக்கொருவர் ஒரு ஒட்டும் இல்லை.

ஒஸ்வால்ட் அந்த இரவே புதுத் தாளில் திருத்திக் கீறினான். மறுநாள் ஆராதனை முடிந்து ஜெரமையா வீட்டுக்கு வந்து சேருமுன் அக்காவும் தம்பியும் அவருடைய வாசலில் நின்றார்கள்.

ஜெரமையா எல்லாவற்றையும் கேட்டார். முத்தன் என்ற பெயருக்குக் கீழே எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தார்.

"புல்லு" என்றார்.

"ஓம் ஐயா."

"வெள்ளவத்தை முழுக்கச் சொல்லிப் போட்டன். பென்ஷன்காரர் சங்கத்தில சொல்லிப் போட்டன்." தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஒண்டு செய்வம். நீர் உம்மட பாய்க்காரனை எடும். ஒல்லாந்தனை எனக்கு விடும். அப்ப உறவும் இல்லை, கலியாணமும் நடக்கும். ஆருக்கு நட்டம்? அப்பிடிக் கீறித் தந்தால் இண்டைக்கே வத்தளைக்கு வர வேண்டாமெண்டு ஆள் அனுப்பிறன்."

ஈவ்லின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அவனைத்தான் பார்த்தாள். ஒஸ்வால்ட் தாளைப் பார்த்தான். ஒரே ஒரு கோடு. பேனையும் பையில் இருந்தது.

"ஏலாது, ஐயா" என்றான். "பிழையெண்டு தெரிஞ்சு எழுத எனக்குக் கை வராது."

"அப்ப பழைய தாள்தான் சரி! பாக்கர் ரெண்டு பேருக்கும் பொது. நீர் தமையன். சனிக்கிழமை நேரத்துக்கு வாரும்!"

ஈவ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "நல்லது, அப்பா. அண்ணாவே இருக்கட்டும். அப்ப சாமான்களோட வரச் சொல்லுங்கோ. தமையனுக்கு முன் அறையைக் குடுக்க வேணும். வீட்டிலயும் பாதி அவருக்குத்தானே."

"என்ன பாதி?"

"ஆம்பிளைப் பிள்ளை இல்லையெண்ட குறை தீர்ந்துதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

சுகிர்தத்துக்கு இதற்குமேல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் எழும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு, விறாந்தையின் ஒரு மூலையிலிருந்து ஒரு கால் விரலோடு மற்றக் குதியை ஒட்டி வைத்து, அடி அடியாக அளக்கத் தொடங்கினாள். "பதினாலு, பதினைஞ்சு... பெரியப்பா, கிணறு எந்தப் பக்கம்? கிணத்துப் பக்கத்தை எங்களுக்குத் தந்தால் நல்லது. பாக்கரின்ர மற்ற நானூற்றுப் பதினைஞ்சு பேரின்ர ஆக்களுக்கும் அறிவிக்க வேணும். அவையும் பங்காளிகள்தானே. கொப்பியில விலாசம் தேடலாம்."

ஜெரமையா முப்பத்திரண்டு வருடம் றெயில்வேக் கணக்குப் பார்த்தவர். ஒரு வீட்டை நானூற்றுப் பதினேழால் பிரித்தால் என்ன வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுகிர்தம் இருபத்திரண்டாவது அடியில் நிற்கும்போது கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டும் பிள்ளை. அந்த மணியடிக்கிறவன் எங்களுக்கு ஒண்டும் இல்லை." பெருமூச்சு விட்டார். "புல்லுத்தான் வெட்டினவன். எண்டாலும் கொம்பனி உத்தியோகம்."

வத்தளைக்கு அன்றே ஆள் போனது. ஈவ்லின் தேத்தண்ணி ஊற்றினாள். ஒஸ்வால்டின் கோப்பையில் நாலு கரண்டி சீனி இருந்தது. அதையும் அவன் முழுவதும் குடித்தான்.

கலியாண அறிக்கை டிசம்பரில் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கப்பட்டது. ஒருவரும் தடை சொல்லவில்லை. ஜெரமையா மட்டும் மூன்று கிழமையும் மருந்துக் கடைக்கு நடையாய் நடந்தார். தாளில் முத்தனுக்குக் கீழே 'யானைப் பகுதி அதிகாரி' என்று எழுத முடியாதா? முடியாது. 'யானைப் பராமரிப்பு மேற்பார்வையாளர்'? முடியாது. 'யானைகளோடு தொடர்புடையவர்'?

"ஐயா, புத்தகத்தில் என்ன இருக்குதோ அதுதான்" என்றான் ஒஸ்வால்ட்.

"அப்ப புத்தகத்தை இன்னொருக்காப் பாரும், தம்பி. ஒரு சொல்லும் விடாமல் பாரும்."

கலியாணத்துக்கு முந்திய சனிக்கிழமை ஒஸ்வால்ட் போய்ப் பார்த்தான். டி வால் பூதக்கண்ணாடியை வரியின் கடைசிவரை கொண்டுபோனார். அங்கே சிறிய எழுத்தில் ஒரு எண் இருந்தது. முதல் தடவை இருவருமே அதைக் கவனிக்கவில்லை. வெள்ளவத்தை வீட்டின் முன் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கிய அந்தத் தாளில், முத்தன் என்ற பெயருக்குக் கீழே, ஊதா மையில், ஒரு குற்றும் பிழைக்காமல் இப்படி இருந்தது: 'புல் வெட்டியவர். ஆறு யானைகளுக்கு.'