சாமத்திய வீட்டுக் கசெட்டில் குதிரைக்காரி

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதின்மூன்று வயதில், ரொறன்ரோவில் சாமத்திய வீடு செய்தார்கள். நான் பெரியவளாகிவிட்டதை ஊருக்கெல்லாம் சொல்லும் அந்தச் சடங்கில் எனக்கிருந்த ஒரே வேலை அசையாமல் இருப்பது. தலையில் ஏற்றிய பூவின் பாரத்தில் கழுத்து நொந்தது. சற்றுத் திரும்பினாலும், "ஆடாதை பிள்ளை, வீடியோ ஓடுது" என்று அம்மா பல்லைக் கடித்தார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

என் மனம் முழுக்க ஒரு குதிரைக்காரியிடம் இருந்தது. தொலைக்காட்சியில் போன பழைய ஊமைப்படம் ஒன்றைக் கசெட்டில் பதிந்து வைத்திருந்தேன். கடைசிக் காட்சியில் ஒருத்தி பாய்ந்தோடும் குதிரையிலிருந்து ரயில் கூரைக்குத் தாவுவாள். அவள் கதாநாயகி அல்ல, கதாநாயகிக்குப் பதிலாக வந்தவள் என்று படம் தொடங்குமுன் தொலைக்காட்சியில் அறிமுகம் செய்தவர் சொன்னார். படத்தில் அவள் பெயர்கூட இல்லை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் அந்தத் தாவலைக் கசெட் தேயத் தேயப் பார்ப்பேன்.

சடங்கு வீடியோவைச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பவேண்டும் அல்லவா? அப்பா இரண்டு வீடியோ டெக்கை இணைத்து வீட்டிலேயே கொப்பி அடித்தார். வெறும் கசெட் தீர்ந்ததும் என்னுடையதை எடுத்து, அதன்மேல் பதிந்து, மொன்றியாலிலிருக்கும் தன் அக்காவுக்கு, என் மாமிக்கு, அனுப்பிவிட்டார். தேம்பித் தேம்பி அழுதேன்.

"உந்தக் கறுப்புவெள்ளைக் குதிரைக்கோ அழுறாய்?" என்றார்.

அடுத்த கிழமை மாமி தொலைபேசியில் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"உனக்கென்ன விசரோ தம்பி? பொம்பிளைப் பிள்ளையைக் குதிரையாலை ரயிலுக்குப் பாய விட்டிருக்கிறாய்! கை கால் முறிஞ்சா ஆர் கட்டுவான்? இஞ்சை என்ரை மோளும் குதிரை வேணுமெண்டு நிக்கிறாள்!"

சடங்கு முடிந்த இடத்தில் படத்தின் மிச்சம் ஓடியிருக்கிறது. அந்நாளைய வீடியோக்காரர்கள் பிள்ளையைத் தாமரைக்குள் இருத்துவார்கள், நயாகராவுக்கு மேலே மிதக்க விடுவார்கள், நினைத்த இடத்தில் கறுப்புவெள்ளையாக்குவார்கள். குதிரையைக் கண்டு மாமி ஏன் சந்தேகப்படப்போகிறார்? புழுதியில் முகமும் தெரியாது.

அப்பா தொண்டையைச் செருமினார். பழைய கசெட்டில் அடித்தேன் என்று சொல்ல மானம் விடவில்லை.

"ஓம் அக்கா. அவள் நல்லாப் பாய்ஞ்சவள். ஒரே ரேக்கிலை எடுத்தது, ரெண்டாந்தரம் பாயேல்லை."

யாருக்கோ பதிலாகத் தாவியவள் எனக்குப் பதிலாகவும் தாவிவிட்டாள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அப்பா ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"பயமா இருக்கேல்லையோ பிள்ளை?" என்றார் மாமி.

"இல்லை மாமி. பூவோடை ஆடாமல் இருந்ததுதான் கஷ்டம்."