பன்னெண்டு சென்டிமீட்டர் ஸ்டிக்கர்

எங்கண்ணனுக்கு லிஃப்ட் பழுது பாக்குற வேலை. அவன் கம்பெனியில போய் அவன் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. ‘ரெண்டு தடவை’ எங்கன்னு கேட்டாத்தான் கை காட்டுவாங்க. எந்த போல்ட்டையும் ஒரு தடவை முடுக்கிட்டு விடமாட்டான். வீட்டைப் பூட்டிட்டு நாலு படி இறங்கி, திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பாப்பான். கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொன்ன பொண்ணுக்கே மறுநாள் போன் பண்ணி, “நிஜமாத்தானே சொன்னீங்க?”ன்னு கேட்டவன். அவ வேணாம்னுட்டா.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு பொருளை மட்டும் ஒரு தடவைகூடப் புரட்டிப் பாக்காம வாங்கினான். எங்க வீட்டுக்காரர் கொடுத்ததாச்சே!

அது ஒரு மலை சைக்கிள் ஃப்ரேம். ஹார்ட்டெயில்னு சொல்வாங்க. முன்னால மட்டும்தான் ஷாக் அப்சார்பர், பின்னால ஒண்ணும் கிடையாது. அதுலயும் இது சாதுவா மண் பாதையில உருள்ற ரகம் இல்ல. செங்குத்தா இறங்கவும், பாறை மேலேருந்து குதிக்கவும்னே நீளமா செஞ்சது. இவர் அதை ரெண்டு வருஷம் ஓட்டினார். புதுசு வாங்கினதும், “மச்சான், இதை நீங்க வெச்சுக்கோங்க. பதிலுக்கு அந்தச் சக்கர ஜோடியைக் கொடுங்க, போதும்”னார். அந்தச் சக்கரம் ரெண்டும் அண்ணன் ஒவ்வொரு கம்பியா கோத்து, விறைப்பு பாத்து, ஒரு மாசம் உக்காந்து கட்டினது. கேட்டதும் கழட்டிக் கொடுத்துட்டான். முப்பத்தொம்பது வயசுல தனக்குன்னு அவன் ஆசைப்பட்டது இந்த ஒரு சைக்கிளுக்குத்தான்.

நான் ஸ்டிக்கர் கடையில எழுத்து வெட்டுறவ. ஃப்ரேமைக் கொடுக்கறதுக்கு முந்தின வாரம் இவர் கடைக்கே வந்து, “உங்கண்ணன் பட்டப்பேரை வெட்டிக் கொடு. நீளம் பன்னெண்டு சென்டிமீட்டர், அகலம் அஞ்சு. எழுத்துக்குப் பின்னால கறுப்பு முழுசா இருக்கணும்”னார். ஹேண்டில் கிட்டேருந்து கீழே இறங்குற தடிக் குழாய்க்கு அடியில ஒட்டப் போறாராம்.

“அங்க ஒட்டினா யாருங்க படிப்பா? தரையில ஊர்ற எறும்பா?”

“மச்சானுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டுமே.”

மனுஷனுக்கு எங்கண்ணன் மேல இவ்வளவு பாசமான்னு பூரிச்சுப் போனேன். ஓரமெல்லாம் நீவி நீவி வெட்டிக் கொடுத்தேன். இப்ப நெனச்சா என்னை நானே அறைஞ்சுக்கணும் போல இருக்கு.

அஞ்சு ஞாயித்துக்கிழமை அண்ணனோட ஒத்தை ரூம்ல உக்காந்து, வேற சக்கரம் போட்டு சைக்கிளைக் கோத்தோம். அகல ஹேண்டில்பாரை அறுக்கறதுக்கு முன்னால எத்தனை தடவை அளந்தான்னு கேக்கவே வேணாம். டயருக்குள்ள டியூப் கிடையாது, பால் மாதிரி ஒரு பசையை ஊத்தி அடைச்சான். பட்டனை அமுக்கினா சீட் பொசுக்குன்னு கீழ இறங்கும். அதை அமுக்கி அமுக்கி பச்சைப்புள்ள மாதிரி சிரிச்சான். முன் ஷாக்ல அவன் மொத்த எடைக்குத் தக்கபடி காத்து வெக்கறதுக்கு, ஹெல்மெட், முட்டிக்கவசம், முதுகுப்பை எல்லாம் மாட்டிக்கிட்டு, சுவத்துல ஒரு கையை ஊனி, சைக்கிள் மேல ஏறி நிப்பான். எவ்வளவு அமுங்குச்சுன்னு ஷாக் கால்ல இருக்கிற ரப்பர் வளையம் காட்டும். நான் மண்டி போட்டு ஸ்கேல் வெச்சுப் பாக்கணும்.

“மூணு சென்டிமீட்டர்.”

“திரும்பப் பாரு.”

“மூணுதான் அண்ணா! என் முட்டி தேயுது!”

கடைசி வேலையா, கல்லு தெறிச்சு அடிக்காம இருக்க, அந்தத் தடிக் குழாய்க்கு அடியில ஒரு தடிப்பான ஃபிலிம் ஒட்டணும்னான். ஸ்டிக்கரை எடுத்துட்டு, ஃபிலிமுக்கு மேல திரும்ப ஒட்டிக்கலாம்னு, முடி காய வெக்கிற மெஷினால சூடு காட்டி நானேதான் மெதுவா உரிச்சேன்.

கீழே முடி கணக்கா ஒரு கோடு. அண்ணன் நகத்தை வெச்சு இழுத்தான். நகம் சிக்கிச்சு. திரும்ப இழுத்தான். திரும்பவும் சிக்கிச்சு. பெயின்ட் கீறல் இல்ல, விரிசல். குதிச்சு இறங்கும்போது பாரம் பூரா விழற இடம் அது. விட்டுச்சுன்னா ஹேண்டில் தனியா கையோட வந்துடும், ஆள் முகம் நேரா பாறையில போய் மோதும்.

“அளவு கொடுத்தது யாரு?”

“இவர்தான்.”

அண்ணன் கையைத் துணியில துடைச்சான். என்னைப் பாக்காமலே கேட்டான்: “உனக்குத் தெரியுமா?”

ஐயோ! என்னைப் பாத்து அவன் கேக்குற கேள்வியா அது? கத்தினேன், அழுதேன், அவன் தோள்லயே ரெண்டு அடி வெச்சேன். “சரி, நம்புறேன். விடு”ன்னான். ஆனா கேட்டுட்டான்ல? கூடப் பொறந்தவன் வாயில அந்தக் கேள்வியை வர வெச்சவரை நான் எப்படி மன்னிக்கிறது?

அப்பவும் என் மனசு ஒரு மூலையில அடிச்சுக்கிச்சு. ஒருவேளை விரிசல் அவர் கண்ணுலயே படலையோ? அண்ணனும் எனக்காக அதையேதான் சொன்னான். “தெரியாமக்கூட ஒட்டியிருக்கலாம். பாத்துடுவோம்.”

ஸ்டிக்கரை அதே இடத்துல ஒட்டினோம். அடுத்த ஞாயிறு காலையில மூணு பேரும் கல்குவாரிக்குப் பின்னால இருக்கிற மேட்டுக்குப் போனோம். நான் அண்ணனோட சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்தேன். இவர் அண்ணன் கட்டின சக்கரத்துல, மிதிச்சே மேல வரைக்கும் ஏறி வந்துட்டார். யார் புது சைக்கிள் எடுத்தாலும் முதல் ரவுண்டு இவர்தான் போவார். பேப்பர் போடறவர் சைக்கிளைக்கூட விட்டு வெச்சதில்ல.

“மாப்ள, முதல் இறக்கம் நீங்க போங்க. உங்க ஃப்ரேமாச்சே”ன்னான் அண்ணன்.

இவர் கண்ணு நேரா குழாய்க்கு அடியில போச்சு. போன வேகத்துல திரும்பி வந்துச்சு. “இல்ல மச்சான், முட்டி வலிக்குது.”

“அப்ப நான் போகட்டுமா?”

“போங்க, போங்க.”

சொல்லிடுங்க, இப்பவாவது வாயைத் திறந்து சொல்லிடுங்கன்னு உள்ளுக்குள்ள கெஞ்சினேன். பதினோரு வருஷம் ஒரே வீட்ல இருந்த மனுஷன். அண்ணன் ஒரு காலை பெடல்ல வெச்சான். வெச்சவன், அவன் வழக்கப்படி திரும்பக் கேட்டான்.

“நிஜமா போகட்டுமா மாப்ள?”

இவர் குனிஞ்சு, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். “ஹெல்மெட்டை மட்டும் நல்லா மாட்டிக்கோங்க மச்சான்.”

அண்ணன் காலைக் கீழ இறக்கினான். நான் குனிஞ்சு ஸ்டிக்கரை உரிச்செடுத்தேன், இவர் சட்டையில நெஞ்சு மேல வெச்சு அழுத்தி ஒட்டினேன்.

“எங்கண்ணன் கட்டின சக்கரம் ரெண்டையும் கழட்டுங்க.”

“ஏய், இங்கேருந்து நான் எப்படி...”

“கழட்டுங்கன்னேன்.”

கழட்டினார். அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு முன்னால நடந்தான். நான் கைக்கு ஒரு சக்கரமா தூக்கிக்கிட்டு அவன் பின்னால இறங்கினேன். மேலேருந்து இவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவைகூட நான் திரும்பிப் பாக்கல.