கூச்சல் போட்ட தோள்கள்

சீப்பு அண்ணனின் தலைக்குப் போகவில்லை. அண்ணனின் தலைதான் சீப்பிடம் இறங்கி வந்தது. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் நாங்கள் வேலை பார்த்த பெயின்ட் கடையின் பின்பக்கத்தில் அதைப் பார்த்ததும், "என்னண்ணே, சீப்பு கால்ல விழறீங்க? கல்யாணப் பயமா?" என்று கேட்டேன். அவர் என் சூப்பர்வைசர். அவரைக் கிண்டல் செய்யாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. வழக்கமாக முதுகில் ஓர் அடி விழும். அன்று கை மேலே வரவில்லை. "தோளுக்கு மேல தூக்க முடியலடா. தாலி எப்படிக் கட்டுவேன்?" என்றார். கல்யாணத்துக்குச் சில மாதங்களே இருந்தன.

மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். தோளிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்திருந்தார்கள். நோயோடு சண்டை போட வேண்டிய செல்கள் ஆள் தெரியாமல் அவருடைய தசையையே தாக்குகின்றன என்றார் டாக்டரம்மா. "ஆனா தசை செல்லும் சும்மா அடி வாங்கிட்டு நிக்கல. அதுவே சிக்னல் அனுப்பி இன்னும் ஆளுங்கள வரவழைக்குது. அதனாலதான் சண்டை ஓயல." எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணன் மாதிரியேதான் லா டாக்டர். லேசா இடிச்சாலே ஊரைக் கூட்டுவாரு." டாக்டர் சிரித்துவிட்டார். முறைத்துப் பார்த்த அண்ணனும் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் அண்ணனின் முகம் உப்பியது. "பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை மாறிட்டாருன்னு சண்டைக்கு வரப்போறாங்க," என்றேன். அளவாக வேலை கொடுத்தால் தசையும் ஆள் கூப்பிடும் கூச்சலைக் குறைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பிசியோ சொல்லித்தந்த பயிற்சிகளோடு நாங்களும் ஒன்று சேர்த்துக்கொண்டோம். டீ நேரத்தில் நான் பெயின்ட் டின்மேல் மணப்பெண்ணாக உட்காருவேன். அவர் என் வேலை அட்டையின் நாடாவைத் தாலியாக என் கழுத்தில் கட்டுவார். ஒருநாள் ரோலர் வாங்க வந்த சீன ஆன்ட்டி, ரோலரை மறந்து "கங்ராட்ஸ்" சொல்லிவிட்டுப் போனார். "போச்சுண்ணே, நம்ம மேட்டர் வெளிய தெரிஞ்சிருச்சு."

அவர் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார், பயிற்சியையும் விடவில்லை. ஆனால் லிட்டில் இந்தியா கோயிலில் நடந்த அந்தக் கல்யாணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது. வழக்கப்படி முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது, மற்ற இரண்டும் அவருடைய அக்காவுடையவை. முடியாவிட்டால் மூன்றையும் அக்காவே போட்டுவிடுவதாகப் பேச்சு. கெட்டிமேளம் முழங்கியது. அண்ணனின் கைகள் மெல்ல எழுந்தன, பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. ஒரு முடிச்சு. பின்னால் நின்ற அக்கா கையை நீட்டினார். அண்ணன் விடவில்லை. இரண்டாவதும் விழுந்தது. நாயனக்காரர் கன்னம் உப்ப இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்.

"டேய், எனக்கு ஒண்ணாவது மிச்சம் வைடா," என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.