‘கென்’ என்றால் தெரியும்

வுப்பர்டாலில் எங்கள் ஹைமை, அதுதான் அகதி விடுதியை, பராமரித்தவன் ஜேர்மன்காரன் அல்ல. இயன் என்ற ஸ்கொட்லாந்துக்காரன். பிரிட்டிஷ் ஆமியோடு இங்கே வந்து, ஒரு ஜேர்மன்காரியைக் கட்டித் தங்கிவிட்டவன். காலையில் மழையைப் பார்த்து ‘ட்ரீக்’ என்பான். இருண்டு கிடக்கிற நாள் என்று பொருளாம். முன்பு முடிவில்லாமல் நீள்வதைச் சொன்ன சொல்லாம். ‘வீ’ என்றால் சின்னது, ஆதியில் அது நிறுவைச் சொல். ‘கென்’ என்றால் தெரியும். ஜேர்மன் ‘கென்னன்’ அதற்குச் சொந்தம். அகதிக்குச் சும்மா பாடம் நடத்துகிற வெள்ளைக்காரனை நான் அதுவரை கண்டதில்லை. எனக்கு அவனைப் பிடிக்கவேயில்லை.

“ஆமியில இருந்தவன் சும்மா கதைக்கமாட்டான். வாயைக் குடுத்து மாட்டாதேங்கோ,” என்றார் என் அறையிலிருந்த பரமண்ணை. அவர் சொல்லவே தேவையில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்கும். எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு, சீருடை போட்டவன் இன்னாரைத் தெரியுமா என்று கேட்டால், பெற்ற தகப்பனும் தெரியாது என்பார். அப்படிச் சொல்லித்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினோம்.

ஒரு மதியம் இயன் சமையலறைக்கு வந்தான். “டூ யூ கென் யோகன்?” எல்லைப் பொலிஸ் பிடித்த பொடியனாம். எங்கள் ஹைமின் தொலைபேசி இலக்கம் வைத்திருக்கிறானாம். இங்கே யாரைத் தேடி வந்தான் என்று கேட்டால் வாய் திறக்கிறானில்லையாம். சொந்தக்காரர் எவரும் இல்லையென்றால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பரமண்ணை இல்லையென்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன். யோகன் என் கூடப்பிறந்த தம்பி. மாதக்கணக்காக அவன் செய்தி இல்லாமல் தவித்தவன் நான். ஆனால் கேட்டவன் ஆமிக்காரன். இது பொறியென்றால்?

“புவர் பேர்ண்,” என்று முணுமுணுத்தபடி இயன் தொலைபேசிப் பக்கம் திரும்பினான். ‘பேர்ண்’ என்ற சொல்லையும் முன்பே விளக்கியிருந்தான்: பிள்ளை, ஒருத்தி சுமந்து பெற்றது. எனக்கு அம்மாவின் முகம் வந்தது. பொறியென்றால் இருவரும் சேர்ந்தே மாட்டுவோம் என்று ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

“ஐ கென்! மை பிரதர்!”

மறுநாள் பொலிஸ் வண்டியில் யோகன் வந்து இறங்கினான். மெலிந்து கறுத்திருந்தான். இயன் என் தோளை அணைத்து, சிரித்துக்கொண்டே அவனிடம் கேட்டான்: “டூ யூ கென் ஹிம்?”

தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். “நோ,” என்றான்.

பிறகு தலையைக் குனிந்து, உதடு அசையாமல் தமிழில் சொன்னான்: “பயப்பிடாதேங்கோ அண்ணை. உங்களைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை.”

இயனின் கை என் தோளில் இருந்தது. அதை உதறுவதா, அப்படியே விடுவதா என்று தெரியாமல் நின்றேன்.