ஒன்பதாவது வெள்ளிக்கிழமை

என் தம்பி காஸ்பர் எதையும் முடித்ததில்லை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். கோபத்தில்தான் சொல்கிறேன்.

சாமியார் ஆகக் குருமடத்துக்குப் போனான், நாலாவது மாதம் டிரங்குப் பெட்டியோடு சாந்தோம் வீட்டு வாசலில் வந்து நின்றான். மருத்துவம் படிக்கப் போனான். முதல் பிணத்தைப் பார்த்ததோடு சரி. நடுவில் வயலின் இரண்டு மாதம், மயிலாப்பூரில் ஒருவரிடம் சுருக்கெழுத்து மூன்று வாரம். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருப்பான். பள்ளியில் நாற்பது பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்கும் டீச்சர் நான். இந்த ஒருத்தனை அடக்க என்னால் முடியவில்லை.

கடைசியாகக் கிண்டியில் ரசாயனப் பொறியியல் சேர்ந்தான். "இதையும் விட்டா வீட்டுப் பக்கம் வராதே" என்று அம்மா லூயிசா சொல்லிவிட்டாள். தினமும் சைக்கிளில் அடையாற்றுப் பாலம் தாண்டிப் போய் வந்தான். இரண்டு வருஷம் தாக்குப் பிடித்தான் என்பதே எங்களுக்கு ஆச்சரியம். வகுப்பில் உட்கார முடியாதவனுக்கு ஆய்வுக்கூடம் பிடித்துப்போயிற்று. அங்கே நின்றுகொண்டே இருக்கலாம், ஏதாவது கொதித்துக்கொண்டே இருக்கும்.

அவன் கால் ஓரிடத்தில் தரிக்க வேண்டும் என்று அம்மா இன்னொரு வழியும் வைத்திருந்தாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை கண்டு, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டும், அதுவும் விடாமல் ஒன்பது முறை. ஒன்று விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான். இரண்டு தடவை தொடங்கி, ஒரு தடவை மூன்றில் விட்டான், ஒரு தடவை ஐந்தில். மூன்றாம் தடவை நவம்பரில் தொடங்கினான். திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஒரு அட்டையில் ஒன்பது கட்டம் போட்டு, ஒவ்வொரு முறையும் அம்மா ஒரு சிலுவை கீறி வந்தாள். நடுவில் ஒரு முதல் வெள்ளி, பூசையே இல்லாத பெரிய வெள்ளியாக வந்து கணக்கு ஒரு மாதம் தள்ளிப்போனது. 1947 ஜூலையில் எட்டுச் சிலுவை ஆகியிருந்தது. ஆகஸ்டு முதல் தேதி ஒன்பதாவது.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலைப் பயிற்சி. ஆறு வாரம் ஓரிடத்தில் வேலை பார்த்து, முதலாளியிடம் 'பயிற்சியை முடித்தார்' என்று சான்று வாங்கி வந்தால்தான் கடைசி வருஷத்துக்குப் போக முடியும். காஸ்பருக்கு மாம்பலம் ரயில் பாதை ஓரத்தில் ஷரீஃப் சாயபுவின் சோப்புக் கம்பெனி கிடைத்தது. ஓட்டுக் கொட்டகை, இரண்டு பெரிய இரும்புக் கொப்பரை, ஆய்வுக்கூடம் என்ற பெயரில் ஒரு மேஜை, அவ்வளவுதான்.

அங்கே சோப்புக் காய்ச்சுகிறவர் பீர் முஹம்மது. சோப்பு பதமாகிவிட்டதா என்று அவர் நாக்கால் பார்ப்பார். கொஞ்சம் ஆறவைத்து நாக்கு நுனியில் தொட்டுத் துப்புவார். லேசாகச் சுரீரென்றால் சரி. சுட்டால், எண்ணெயோடு சேர்க்கும் காஸ்டிக் காரம் அதிகம். ஒன்றுமே தெரியாவிட்டால் எண்ணெய் வேகாமல் நிற்கிறது. ரம்ஜான் மாதத்தில் மட்டும் பகலில் அவர் நாக்கில் எதையும் வைக்க மாட்டார். அந்த ஒரு மாதத்துக்கு அடுப்பு பார்க்கும் கபாலியின் நாக்குதான். காஸ்பர் இதைப் பார்த்துச் சிரித்தான். பயிற்சி நோட்டில் 'விஞ்ஞான முறை அல்ல' என்று எழுதி அடிக்கோடும் போட்டான். அவனுடைய முறை வேறு. துளி சோப்பை ஸ்பிரிட்டில் கரைத்து நிறம் காட்டும் மருந்து ஒரு சொட்டு விட வேண்டும். சிவந்தால் காஸ்டிக் அதிகம்.

சுதந்திர நாளன்று வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சோப்பு இலவசம் என்று பாண்டி பஜார் துணிக்கடை ஒன்று முன்பதிவு செய்திருந்தது. மூவர்ணக் காகிதம்கூட அச்சாகி வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்த நாள் அது. இரண்டு டின் தவிர இருந்த எண்ணெயை எல்லாம் அந்த ஒரு கொப்பரையில் ஊற்றினார்கள். "இந்தக் காய்ச்சலை நீங்க பாத்துக்கங்க தம்பி. நல்லா வந்தா நானே கையெழுத்துப் போடுறேன்" என்றார் ஷரீஃப் சாயபு. கெட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகஸ்டு முதல் தேதி விடிகாலை ஐந்தேகாலுக்குக் கொப்பரைப் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஏழரைக்குள் சோப்பை அச்சுப் பெட்டியில் ஊற்றியாக வேண்டும் என்பது சாயபு உத்தரவு. பீர் முஹம்மது கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்துக் கபாலியிடம் நீட்டினார். கபாலி இரண்டடி பின்னால் போனான். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு.

"இன்னிக்கு ஆடி வெள்ளி பாய். ஆத்தாளுக்குக் கூழு ஊத்தற வரிக்கும் பல்லுல பச்சத் தண்ணி படக்கூடாது. நம்மளால ஆவாது."

பீர் முஹம்மது கரண்டியைக் காஸ்பர் பக்கம் திருப்பினார். "எனக்கு நோம்பு. நீங்க பாருங்க தம்பி."

"எனக்கும் முடியாது, பாய். ஆறரைக்குப் பூசை. நன்மை வாங்கணும். நடு ராத்திரியிலிருந்து தண்ணிகூடக் குடிக்கல."

கபாலி சிரித்துவிட்டானாம். "இன்னா நைனா, மூணு சாமியும் ஒரே நாளைப் புடிச்சுக்கினு கீதே!"

காஸ்பருக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். சாந்தோம் வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். மேஜைக்கு ஓடினான். ஸ்பிரிட் புட்டி காலி. சாராய வகை என்பதால் புதிதாக வாங்கப் பர்மிட் வேண்டும். ஒரு நிமிஷம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். பிறகு பானைத் தண்ணீரை மொண்டு, அதில் சோப்பைக் கரைத்து, மருந்தை விட்டான். செக்கச் செவேலென்று சிவந்தது.

"காஸ்டிக் அதிகம். இன்னும் இரண்டு டின் எண்ணெய் விடுங்க."

பீர் முஹம்மது கரண்டியைச் சாய்த்துச் சோப்பு வழிவதைப் பார்த்தார். "பார்வைக்குப் பதமாத்தான் தெரியுது, தம்பி."

"மருந்து பொய் சொல்லாது, பாய்" என்றான் என் தம்பி. படித்த பிள்ளை சொல்லும்போது அவர் என்ன செய்வார்? கடைசி இரண்டு டின்னையும் விட்டார். காஸ்பர் சைக்கிளில் பறந்தான்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவன் வேர்க்க விறுவிறுக்க வந்து முழந்தாளிட்டதை அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மா என் கையை அழுத்தினாள். வாசலில் தீர்த்தத் தொட்டித் தண்ணீரில் விரல் வைத்தபோதே அவனுக்குள் ஏதோ உறுத்தியதாம், பிறகு சொன்னான். நன்மை நேரம் வந்தது. பீடத்துக்கு முன்னால் கிராதியருகே வரிசையில் முழந்தாளிட்டான். சாமியார் அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தார். அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்கிறது. தண்ணீரில் கரைத்தால் நல்ல சோப்பும் சிவக்கும். அதற்காகத்தான் ஸ்பிரிட். இரண்டாம் வருஷத்தில் படித்த பாடம். பதமாக இருந்த கொப்பரையில் இரண்டு டின் பச்சை எண்ணெயை ஊற்றிவிட்டு வந்திருக்கிறான்.

எழுந்தான். சாமியாருக்கு முதுகைக் காட்டி, நடுப்பாதையில் ஓடினான். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நிமிஷம் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன். ஒன்பதில் எட்டு முடித்துவிட்டு, இரண்டே இரண்டு ஆளுக்குக் காத்திருக்க மாட்டானா? அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். பூசை முடிந்தும் அவள் நிமிரவில்லை.

அவன் கம்பெனிக்குள் நுழைந்தபோது முதல் அச்சுப் பெட்டியில் பாதி ஊற்றியாயிற்று. "நிறுத்துங்க! மறுபடியும் கொப்பரையில கொட்டுங்க!" என்று கத்திக்கொண்டே கரண்டியைப் பிடுங்கி, ஆறக்கூட விடாமல் நாக்கில் வைத்தான். சுரீர் என்ற உணர்ச்சியே இல்லை. எண்ணெய் வழவழப்புத்தான். நன்மையை விட்டுவிட்டு வந்த பிறகு காப்பாற்ற என்ன விரதம்? காஸ்டிக் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, காய்ச்சி, நாக்கில் தொட்டு, துப்பி, மறுபடி விட்டு, மறுபடி தொட்டு... பதினேழு தடவை என்று கபாலி எண்ணினானாம். உச்சிவேளைக்குப் பதம் வந்தது. அதுவரை என் தம்பி கொப்பரையை விட்டு நகரவே இல்லை என்று பீர் முஹம்மது பிற்பாடு என்னிடம் சொன்னார். நகராமல் நின்றானா, காஸ்பரா என்று நான் இரண்டு முறை கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது நாக்கு வீங்கி அவனால் பேச முடியவில்லை. "எங்கேடா ஓடினே?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் வாயைத் திறந்து காட்டினான். அம்மா ஆறின கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பங்குச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சோப்பு சாப்பாடா, நோரா? தொட்டுத் துப்பினா உபவாசம் எங்கே போகும்?" பீர் முஹம்மதுவும் அவர்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டாராம், விழுங்காவிட்டால் குற்றமில்லை என்றாராம். கபாலியின் ஆத்தாளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். மூன்று பேரில் ஒருவர் நாக்கை நீட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாகத்தான் வருகிறது.

ஷரீஃப் சாயபு சான்றில் கையெழுத்துப் போட்டார். காஸ்பர் அதை அம்மா பார்க்கட்டும் என்று மேஜைமேல் வைத்தான். அவள் பார்க்காதது போல் தூசி தட்டினாள்.

பதினைந்தாம் தேதி, சுதந்திர நாளன்றே, மாதாவின் மோட்ச ராக்கினி திருநாள். பூசை முடிந்து, கொடியும் கூட்டமுமாக இருந்த பாண்டி பஜாருக்கு நான் பஸ் பிடித்துப் போய், அந்தத் துணிக்கடையில் அரை கெஜம் துணி வாங்கி, மூவர்ணக் காகிதம் சுற்றிய ஒரு சோப்போடு திரும்பினேன். அம்மா அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். கை கழுவினாள், முகம் கழுவினாள், நுரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். காஸ்பர் கதவோரம் கால் ஆடாமல் நின்றான்.

"இது நீ முடிச்சதா?"

"ஆமாம்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னாலிருந்த அட்டையை எடுத்தாள். ஒன்பதாவது கட்டத்தில் சிலுவை கீறுவாள் என்று நினைத்தேன். அம்மாவை நான் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அட்டையைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் புதிதாக ஒன்பது கட்டம் போட்டாள். பழைய இடத்திலேயே வைத்தாள், கூடவே அந்தச் சான்றையும் மடித்து.

"அடுத்த மாசம் அஞ்சாம் தேதி முதல் வெள்ளி" என்றாள். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல எதையும் நக்காதே."