வில்ஃப் என்ட்விஸிலும் 'பி' எழுத்தும்

போல்டன் ஊரில் குழாய் அடைப்பெடுக்கும் வில்ஃப் என்ட்விஸிலுக்குத் தன் ஊர்ப் பெயரே வாயில் வராது. 'பி' (B) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லும் உதட்டிலேயே நின்றுவிடும். அடைப்பெடுக்கிற மனுஷன் 'பிளாக்' என்று சொல்லாமல் காலம் தள்ள முடியுமா? வில்ஃப் தள்ளினார். ஒரு வீட்டில் "சோக் ஆயிருக்கு" என்பார், அடுத்த வீட்டில் "ஜாம்" என்பார், இன்னொரு வீட்டில் "ஸ்டக்". ஒருமுறை, "உங்க தொட்டிக்குச் சளி பிடிச்சிருக்கும்மா" என்றுகூடச் சொல்லிச் சமாளித்தார். வேலை முடிந்தால் "க்ளியர்!" என்று கணீரென்று வரும். விஷயம் தெரியாதவர்கள் மனுஷன் என்னமாய்ப் பேசுகிறார் என்று மெச்சிக்கொண்டார்கள்.

பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாதே! மகள் பிறந்தபோது மனைவி ஹில்டா, "பியாட்ரிஸ்னு வைப்போமா?" என்று கேட்டாள். 'பட்...' என்று மறுக்க வாயெடுத்தார்; அந்த முதல் சொல்லே 'பி'யில் சிக்கிக்கொண்டது. அது வெளியே வருவதற்குள் ஹில்டா சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பெயரைப் பதியக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து மகள் அவருக்குக் "கண்ணு", "ராசாத்தி", கோபம் வந்தால் "அடியே". பெயர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்த ஊர் வழக்கப்படி கல்யாண விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து பேசியாக வேண்டும். வில்ஃப் 'பி' தலைகாட்டாத ஒரு பேச்சைத் தயார் பண்ணி, ஹில்டாவிடம் ஒப்பித்தும் காட்டிவிட்டார். முந்தின நாள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு என் பேரை ஒரே ஒரு தடவை சொல்லிடுப்பா."

"வரலேன்னா?"

"வரலேன்னாலும் கல்யாணம் நடக்கும். ஆனா ரொம்ப ஆசையா இருக்குப்பா."



கிரிக்கெட் கிளப் மாடியில் விருந்து. வில்ஃப் எழுந்தார். "மாப்ளே, எங்க வீட்டுக் குளியல் தொட்டியிலேருந்து கொத்துக் கொத்தா முடி எடுத்தே என் காலம் போச்சு. இனிமே அது உன் பாடு!" கூடம் சிரித்துக் குலுங்கியது. பிறகு மகள் பக்கம் திரும்பினார். உதடு ஒட்டிக்கொண்டது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா நல்ல மனசோடுதான், "பியாட்ரிஸ்!" என்று எடுத்துக் கொடுத்தார்.

"பெரியப்பா, நீங்க சாப்பிடுங்க. எங்கப்பா சொல்லுவாரு," என்றாள் அவள்.

பெரியப்பா முள்கரண்டியை எடுத்துக்கொண்டார். வில்ஃப் இந்த முறை வேறு சொல்லுக்குத் தாவவில்லை. அந்த எழுத்திலேயே முட்டிக்கொண்டு நின்றார். பி... பி... பி...

"பியாட்ரிஸ்!"

சத்தம் கொஞ்சம் அதிகம்தான், தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல. எல்லாரும் கைதட்டத் தொடங்குவதற்குள் அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"என்னப்பா?" என்றாள்.