ஒரு அளவு, ஒரு கோடு

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். வீட்டுப் பெண்ணைப் பற்றிய சங்கதி, ஊர் வாயில் விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது. கடைசியில் என் மனைவி தேவகியே சொன்னாள். "எழுதுங்க. யார் யாரோ தப்பா சொல்லிக்கினு திரியறதுக்கு நாமளே சரியா சொல்லிடலாம்." அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் எடை போடுகிறவன். எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. முருகா என்று சொல்லாமல் தராசைத் தொட மாட்டேன். மருத்துவம் தெரியாது. டாக்டர் சொன்னதில் என் புத்திக்கு எட்டியதை மட்டும் எழுதுகிறேன். வீட்டில் ஒருவர், இல்லாத குரலுக்குப் பதில் பேசிக்கொண்டிருக்க, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அது பட்டன் செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். ஆடி மாதம், எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பாட்டுக்கு நடுவில் உபயம் கொடுத்தவர்களின் பெயரையும் வரி பாக்கி வைத்தவர்களின் பெயரையும் மைக்கில் படிப்பது வழக்கம்.

தேவகி டைலர். முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அவள் வெட்டுக்காகவே காத்திருப்பார்கள். அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தபோது கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"மைக்ல என் பேர சொல்றாங்க."

"கோயில் வரி குடுக்கல இல்ல, அதுக்காக சொல்லியிருப்பாங்க."

"இல்லங்க. தேவகி வெட்டுற துணியெல்லாம் தப்புன்னு சொல்றாங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நேரே மைக் செட் போட்ட சேகரிடம் போனேன்.

"டே சேகரு, எம் பொண்டாட்டி பேர மைக்ல இழுக்கிறியாமே?"

"யாருண்ணே சொன்னது? காலையிலேர்ந்து பாட்டு தான் போட்டுக்கினு இருக்கேன். மைக் வயரே அறுந்து கெடக்குது, பாரு."

"நடிக்காத."

"மாரியாத்தா மேல சத்தியம்ணே. நம்பலன்னா இங்கயே ஒக்காந்து கேளு. சும்மா ஒக்காராத, இந்த வயரையாவது புடி."

உட்கார்ந்தேன். வெகுநேரம் கேட்டேன். பாட்டுதான் ஓடியது. வீட்டுக்கு வந்தால் தேவகி, "இப்பக்கூட சொன்னாங்களே, உங்களுக்குக் கேக்கல?" என்றாள். அப்போதும் எனக்கு நோய் என்று தோன்றவில்லை. நான் எழுந்து வந்த பிறகு சேகர் சொல்லியிருப்பான் என்றுதான் என் புத்தி போனது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பானோ என்னவோ. எங்கள் தெருவில் ஸ்பீக்கர் நிஜமாகவே பெயர் சொல்லிக் கூப்பிடும். அதனால் நம்பினேன்.

திருவிழா முடிந்தது. ஸ்பீக்கரை எல்லாம் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் தேவகி வெறும் கம்பத்துக்குக் கீழே காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "இன்னும் சொல்லிக்கினே இருக்காங்க" என்றாள். அப்போதுதான் இது சேகர் வேலை இல்லை என்று புரிந்தது.

என் அம்மா, "ஆத்தா கூப்புடுறாடா. இவ தேறினா நாமளே கூழு ஊத்தறோம்னு வேண்டிக்க" என்றாள். வேண்டிக்கொண்டேன். தாயத்தும் கட்டினேன். தேவகிக்குத் தூக்கம் போனது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். விரதம் இருக்கிறாள் என்று நினைத்தோம். மண்டியில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு முள்ளைப் பார்க்காமல் இறக்குவேன்.

விழுப்புரத்துக்கு வழி சொன்னது சேகர்தான். நான் சண்டை போட்ட அதே சேகர். "கோச்சிக்காதண்ணே. அண்ணிக்கு ஒடம்பு சரியில்ல. எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. விழுப்புரத்துல ஒரு டாக்டரம்மா பாக்கறாங்க. ஜல்தியா கூட்டிக்கினு போ."

பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை தேவகி என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. டாக்டரம்மா நிறையக் கேட்டார், பொறுமையாகக் கேட்டார். சைக்கோசிஸ் (மனப்பிறழ்வு. இல்லாத குரல் கேட்பதும், நடக்காததை நடந்ததாக உறுதியாக நம்புவதும்) என்றார். "சீக்கிரமா கூட்டிட்டு வந்துட்டீங்க, அது நல்லது. மாத்திரைய விடாம குடுங்க."

கொடுத்தேன். குரல் முதலில் அடுத்த தெரு ஸ்பீக்கர் மாதிரி ஆகிவிட்டது என்றாள். பிறகு அடுத்த ஊர். கார்த்திகை தீபத்துக்குள் நின்றுவிட்டது. மயிலம் முருகன் மலையேறித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

தேவகி மறுபடியும் துணியை விரித்தாள். அளவு ஜாக்கெட்டில் டேப்பை வைத்துப் பார்ப்பாள். சாக்பீஸை எடுப்பதற்குள் அளவு மறந்துவிடும். மறுபடி டேப்பை வைப்பாள். ஒரு மாதிரியாக வெட்டி முடித்து, இரண்டு கைத்துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டுமே இடது கை. வலது கை இல்லை. அழவில்லை. துணியை மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொடவில்லை.

குரல் கேட்ட நாட்களைவிட இந்த நாட்கள்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தன. அவள் திரும்பி வந்துவிட்டாள், ஆனால் வந்தவள் பாதிதான் என்பதுபோல. உலையில் அரிசி போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. பேச்சை ஆரம்பித்துவிட்டு நடுவில் நின்றுவிடுவாள்.

"மாத்திர தான்டா அவள மந்தமாக்குது. நிறுத்திப் பாரு" என்றாள் அம்மா. மாத்திரை அட்டை என் சட்டைப் பையிலேயே இருக்கும். எடுத்து எடுத்துப் பார்ப்பேன். கடைசியில் நிறுத்தலாமா என்று கேட்கவே மறுபடி விழுப்புரம் போனோம்.

டாக்டரம்மா கூடாது என்றார். "குரல் நின்னது பாதி தான். அறிதிறன் (கவனிப்பது, நினைவில் வைப்பது, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது) இந்த நோயாலயே மந்தமாகும். மாத்திரையும் கொஞ்சம் சேந்துக்கலாம். என்னன்னு பாத்துட்டுத் தான் சொல்ல முடியும்."

சில எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். தேவகிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன பால்வாடிப் புள்ளையா?"

"இல்லம்மா. பால்வாடிப் புள்ளைங்க இவ்ளோ பொறுமையா சொல்லாது" என்றார். தேவகி சிரிக்கவில்லை. ஆனால் அடுத்ததைச் சொன்னாள்.

ரத்தமும் எடுத்தார்கள். அதில் சி.ஆர்.பி. (உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதம்) அதிகமாக இருந்தது. அழற்சி என்றால் கிருமியையோ காயத்தையோ எதிர்க்க உடம்பு தானே மூட்டிக்கொள்கிற எரிச்சல் என்று விளக்கினார். "இது அதிகமா இருக்கிற சிலருக்கு ஞாபகமும் கவனமும் கூடுதலா மந்தமா இருக்கறதப் பாக்கறோம். எது எதுக்குக் காரணம்னு இன்னும் தெளிவா தெரியாது. எல்லாருக்கும் அப்படி இருக்கறதும் இல்ல."

நான் வீட்டுக்கு வந்து, "உள்ள எரிச்சலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அம்மாவுக்குக் கண் மின்னியது. "சூடு! நான் அப்பவே சொல்லல?" அன்றிலிருந்து வீடே சூட்டை எதிர்த்து நின்றது. உச்சந்தலையில் விளக்கெண்ணெய், வெறும் வயிற்றில் வெந்தயம், காலையில் கேப்பைக் கூழ், மத்தியானம் மோர். கோழிக் குழம்பு நின்றது. நானும் சைக்கிளில் இளநீர் கட்டிக்கொண்டு வந்தேன்.

"என்னை என்ன ஊறுகா போடறீங்களா?" என்றாள் தேவகி. பல மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் கிண்டல் அது. அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தையை மண்டியில் நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

அடுத்த தடவை எண்ணெய் வாசனையோடு போய் நின்றோம். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தயிர் சாதத்துல அடங்கற சூடு இல்லைங்க இது. எங்கேர்ந்து வருதுன்னு தேடணும். பல்லு எப்படிம்மா இருக்கு?"

தேவகி வாயை இறுக மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் திறந்தாள். கடைவாய்ப் பல் சொத்தை விழுந்து ஈறு சீழ் பிடித்திருந்தது. வாயைத் திறக்காதே, திறந்தால் நீ நினைப்பதெல்லாம் வெளியே போய்விடும் என்று அந்தக் குரல் சொல்லியிருந்ததாம். குரல் போன பிறகும் வாயை மூடிய பழக்கம் போகவில்லை. அவ்வளவு வலியோடு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்திருக்கிறாள். நாங்கள் விரதம் என்று நினைத்திருக்கிறோம்.

பல்லை எடுத்தார்கள். சீழுக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு பார்த்தபோது சி.ஆர்.பி. இறங்கியிருந்தது. "இதனால தலை தெளிஞ்சிடும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஒரு பாரம் கொறைஞ்சுது, அவ்ளோதான்" என்றார் டாக்டரம்மா. நேரத்துக்குத் தூக்கம், சாயங்காலம் நடை என்று சொல்லி அனுப்பினார். பின்னால் மாத்திரையின் அளவையும் மெல்லக் குறைத்தார். குறைத்தது அவர். நாங்கள் அல்ல.

ஒரு தடவை, "ஜாக்கெட் எப்படி வெட்டுவீங்க? எனக்குச் சொல்லுங்க" என்று தேவகியைக் கேட்டார். தேவகி ஆரம்பித்து நடுவில் தடுமாறினாள். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. "எல்லா அளவையும் ஒண்ணா மனசுல வெச்சிக்கப் பாக்கறீங்க. இப்ப வேணாம். ஒண்ணு எடுங்க, உடனே ஒரு கோடு போடுங்க. அப்புறம் அடுத்தது."

வீட்டுக்கு வந்ததும் தேவகி பழைய நியூஸ்பேப்பரை விரித்தாள். ஒரு அளவு, ஒரு கோடு. தப்பினால் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த பேப்பர். ஒரு வருஷம் போல அதுவே வேலை.

"பேப்பர்காரனுக்கா ரவிக்க தைக்கிற?" என்பாள் அம்மா. ஆனால் பக்கத்து வீடுகளில் பழைய பேப்பர் கேட்டு வாங்கி வந்தவளும் அவள்தான்.

நான் உதவி செய்வதாக நினைத்துப் பக்கத்தில் நின்று அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேவகி சாக்பீஸைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் வாய மூடிக்கினு இருங்க. காதுல இத்தன நாள் ஒருத்தர் பேசினதே போதும்."

ஒரு நாள் அம்மா தனக்குப் பொங்கலுக்கு எடுத்த துணியைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள். தேவகி இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அம்மா போட்டுப் பார்த்தாள். கையை மேலே தூக்கினாள், முன்னே நீட்டினாள். "வலது வலதுலயே இருக்குதுடி" என்றாள். உள்ளே போய்விட்டாள். அதற்கு அடுத்த ஆடியில் நாங்கள் கூழ் ஊற்றினோம்.

இனி, ஏன் எழுதுகிறேன் என்பது. போன மாசி மாதம் கிளியனூரிலிருந்து ஒரு அம்மாள், வளர்ந்த மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீடு தேடி வந்தார். அந்தப் பெண் தாடையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பல்ல புடுங்கினா புத்தி சரியாயிடுமாமே? எங்க புடுங்கினீங்க? எல்லாத்தையும் புடுங்கணுமா, பாதி போதுமா?"

எங்கள் கதை வாய்க்கு வாய் குறைந்து குறைந்து, கிளியனூருக்குப் போய்ச் சேரும்போது பல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அந்தப் பெண்ணின் பல் எல்லாம் முத்து மாதிரி இருந்தன.

தேவகி அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். காப்பி கொடுத்தாள். பிறகு மெதுவாக, "உன் காதுல இன்னா சொல்றாங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் தாடையிலிருந்து கையை எடுத்தாள். தேவகியின் காதில் நெடுநேரம் சொன்னாள். அவளுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மறுநாள் நாங்களும் கூடப் போய், விழுப்புரத்தில் டாக்டரம்மாவிடம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம். வரும் வழியில் பஸ்ஸில்தான் தேவகி எழுதச் சொன்னாள்.

இப்போதும் தேவகி மாத்திரை சாப்பிடுகிறாள். முன்பு பொழுது சாய்வதற்குள் முடித்ததற்கு இப்போது இரண்டு நாள் ஆகிறது. வருகிறவர்களிடம் அதைச் சொல்லித்தான் துணி வாங்குகிறாள். ஆடியில் ஸ்பீக்கர் கட்டினால் கத்தரிக்கோல் நின்றுவிடும்.

"இது உங்களுக்கும் கேக்குதா?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. காதைக் கொடுத்துக் கேட்டு, உறுதி செய்துகொண்டுதான் சொல்வேன். "கேக்குது. சேகரு பாட்டு தான்." கத்தரிக்கோல் மறுபடி ஓடும். என் காதை நான் இப்படிச் சோதித்துப் பார்ப்பது அவளால் வந்த பழக்கம். நாளைக்கு என்ன ஆகும் என்று ஓடிக்கொண்டே இருந்த என் மனசும் இப்போது அவள் டேப்பின் வேகத்துக்கு வந்துவிட்டது. ஒரு அளவு, ஒரு கோடு. அதற்குள் பொழுது போய்விடுகிறது.

இதைப் படித்தவர்கள் வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள். சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். பல்லை மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரையை விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். நான் வேண்டிக்கொண்டதையும் விட வேண்டாம், அதுவும் நடந்ததுதான். எதனால் எவ்வளவு தேறினாள் என்று தெரியாது என்பதையும், அவள் ஒரு வருஷம் பேப்பர் வெட்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அளவு தப்பினால் இரண்டு கையும் இடது கையாகிவிடும்.